ஊசிக்காரர் போட்ட லினக்ஸ்

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரின் சொந்தக்காரரையே பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் செருப்புக் காலை நனைத்துவிட்டு உள்ளே வரச் சொன்ன மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் நாமக்கல்லில் இருந்தார். அவரை எல்லோரும் ஊசிக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டில் அதைப் பார்த்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடுவது அவர் தொழில். இடது கையில் குஞ்சு, வலது கையில் ஊசி, வாயில் ஓயாத பேச்சு. அவர் ஒரு கதையை ஆரம்பித்து முடிப்பதற்குள் ஒரு ஷெட் குஞ்சுகளுக்கும் ஊசி முடிந்திருக்கும் என்பார்கள். முப்பது வருஷம் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டதால் வேலையை விட்டார். பேச்சு மட்டும் அப்படியே மிச்சம் இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தன்னுடைய பழைய லேப்டாப்பை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாவது மாதம் அது முனக ஆரம்பித்தது. சேலத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வைரஸ் புகுந்துவிட்டது, இதற்கு வைத்தியம் இல்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் வருத்தப்பட்டிருப்பார்கள். இவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

"முப்பது வருசமா வைரஸ்கூடத்தானுங்க குடும்பம் நடத்துனேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "என்ர கிட்டயே வந்து வைரஸ்ங்கறாரு. சீக்கு திரும்பத் திரும்ப வருதுன்னா ஷெட்டுல கோளாறுன்னு அர்த்தமுங்க. குஞ்சை மாத்தி என்ன பண்ண?"

ஷெட்டை மாற்றுவது எப்படி என்று தேடப்போனவர் விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸில் போய் விழுந்தார். ஆறு மாதம் ஆள் வெளியே தலைகாட்டவில்லை. வெளியே வந்தபோது கையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அன்றிலிருந்து நாமக்கல்லில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் நிம்மதி இல்லை.

விண்டோஸ் என்ற பெயரை அவர் வாயால் சொல்லமாட்டார். 'ஜன்னல்' என்பார். ஜன்னல் வைத்தவன் வீட்டுக்குள் ஜன்னல் வழியாகத்தான் எல்லாம் வரும் என்பார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாவிடம் போய், ஜாதகமெல்லாம் பார்த்தீர்களே, மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் என்ன சிஸ்டம் வைத்திருக்கிறார் என்று விசாரித்தீர்களா என்று ரொம்பத் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்கு 'சிஸ்டம்' என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கையோடு எழுந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் மறுபடி உட்கார்ந்தார்.

நான் அப்போது பரமத்தி ரோட்டில் ஒரு முட்டை ஏஜென்ட் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் மூன்றே கடைகள். முதலில் எங்கள் ஆபீஸ். நடுவில் சரசக்காவின் டைப்பிங் கடை. தாலுகா ஆபீஸுக்குப் போகிற மனு எல்லாம் அங்கேதான் பிறக்கும். கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பல் டாக்டர்.

ஒருநாள் காலையில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் ஆதரவு கிடையாது, புதிய பதிப்பு போடலாம் என்றால் உங்கள் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி கிடையாது என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்லியிருந்தது. முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"இருபது வருசத்து லாரி வாரத்துக்கு ரெண்டு தடவ கேரளா போயிட்டு வருது. உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்கற பெட்டிக்கு அதுக்குள்ள வயசாயிருச்சுங்கறானா?" என்றார். பிறகு யோசித்து, ஊசிக்காரரைக் கூப்பிடு என்றார். பண்ணைக் காலத்திலிருந்து இருவருக்கும் பழக்கம்.

ஊசிக்காரர் வந்தார். வந்து அரை மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை விசாரித்தார். எவ்வளவு நாளாகச் சோர்வாக இருக்கிறது, காலையில் எழுந்திருக்க எத்தனை நேரம் ஆகிறது, கடைசியாக என்ன தின்றது. கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. வெளியிலிருந்து என்னென்ன பென் டிரைவ் உள்ளே போனது என்று விளக்கினார். மச்சான் கொண்டுவந்த சினிமாப் பாட்டு பென் டிரைவ் ஒன்றைப் பற்றி நான் முதலாளி முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், இவனை வேலைக்கு வைத்தபோதே எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் ஆபீஸில் இருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். வெயில் ஏறுவதற்குள் போட்டால்தான் பிடிக்குமாம். முதலாளி உடனே காலண்டரைப் பார்த்து, அது ராகு காலமில்லை என்று உறுதி செய்துகொண்டார். இரண்டு பேரும் ஒருவர் விஞ்ஞானத்தை இன்னொருவர் மதித்து நடந்தார்கள்.

விடியற்காலையில் போனால் ஆபீஸ் வாசல்படியில் ஒரு தகரத் தட்டு. அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். பண்ணையில் ஷெட்டுக்குள் போகிறவர்கள் கால் நனைத்துப் போவார்களே, அதே ஏற்பாடு. முதலாளி தன் ஆபீஸுக்குள் நுழையத் தானே கால் நனைத்தார். பிறகு எல்லோரும் டெட்டால் போட்டுக் கை கழுவினோம். ஊசிக்காரர் தன் மொபெட்டிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கினார். தடுப்பு மருந்து கொண்டுவருகிற பெட்டி. மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஐஸ், நடுவில் பாலித்தீன் பையில் சுற்றிய பென் டிரைவ். சூடு பட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, ஆனால் முப்பது வருஷப் பழக்கம், ஐஸில் வைக்காத மருந்தை ஊசியில் ஏற்றத் தனக்குக் கை வராது என்றார்.

எங்கள் பழைய கோப்புகளையெல்லாம் முதலில் இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தார். அந்த விஷயத்தில் அவர் பேச்சே இல்லாமல் இருந்தார். நகல் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கோப்பாக என்னைத் திறந்து பார்க்கச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை.

லினக்ஸ் ஏறி முடிந்து திரையில் அதன் சின்னமான பென்குயின் வந்து நின்றது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார்.

"ஏனுங்க, இது என்ன ரகம்? வான்கோழிங்களா?"

"இல்லீங்க. பறக்காதுங்க, நீஞ்சுமுங்க."

"முட்டை?"

"போடுமுங்க."

முதலாளிக்குத் திருப்தியாகிவிட்டது. முட்டை ஆபீஸுக்கு முட்டை போடாத சாமான் வேண்டாம் என்பது அவர் கொள்கை.

அதற்குப் பிறகு ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தடுப்பூசிக் கணக்குப்படி ஊசிக்காரர் வந்தார். போனில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லமாட்டார். போனில் எந்தக் கோழிக்காவது ஊசி போட்டிருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்பார். நேரில்தான் வருவார். பைசா வாங்கமாட்டார். ஒரு டீ குடிப்பார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். லினக்ஸ் வந்ததால் ஆபீஸில் வேலை எதுவும் நிற்கவில்லை. பில் ஓடியது, கடிதம் ஓடியது, நெட் முன்னைவிட வேகமாக ஓடியது. அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் முதலாளி மத்தியான வேளையில் ஆடுகிற சீட்டாட்டம் காணவில்லை. அது பெரிய கலவரமாகிவிட்டது. ஊசிக்காரர் ஓடிவந்து அதே மாதிரி வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் முதலாளி தோற்க ஆரம்பித்தார். இந்த லினக்ஸுக்குச் சீட்டைச் சரியாகக் கலைக்கத் தெரியவில்லை என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் குறை சொன்னார். இருபத்தெட்டாம் நாள் வந்த ஊசிக்காரர் ஆட்டத்தை மிகச் சுலபமான நிலைக்கு மாற்றிவிட்டுப் போனார். முதலாளி ஜெயித்தார். மறுநாளிலிருந்து லினக்ஸைப் போல் ஒன்று உலகத்தில் கிடையாது என்றார்.

பல் டாக்டர் கதை இன்னும் மோசம். ஊசிக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்த மூன்றாம் நாளே, எனக்குப் பழசே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊசிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரில் இருந்த பச்சைப் புல்வெளிப் படத்தை மட்டும் திரையில் வைத்துவிட்டு எழுந்தார். டாக்டர் உட்கார்ந்து பார்த்தார். இப்போதுதான் சார் கைக்குப் பழகின மாதிரி இருக்கிறது என்று நன்றி சொன்னார். இன்றுவரை அவர் பழசுக்கே திரும்பிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

மடங்காதவர் சரசக்கா ஒருவர்தான். அவர் பதினெட்டு வயதில் டைப்ரைட்டரில் உட்கார்ந்தவர். அந்த எழுத்து வரிசையை அப்படியே வைத்து வந்த ஒரு பழைய எழுத்துருவில் இருபத்தைந்து வருஷமாக மனு அடிக்கிறார். கீபோர்டைப் பார்க்கமாட்டார், திரையையும் பார்க்கமாட்டார். எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். ஊசிக்காரர் எப்போது வந்து பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான். கம்ப்யூட்டரை மாத்திருவீங்க, என்ர வெரலை எங்க கொண்டு போய் மாத்தறது?

லினக்ஸில் தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதில் சில எழுத்துகள் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தன. அதனால் சரசக்காவின் விரலுக்கென்றே தனியாக ஒரு கீபோர்டு அட்டவணையை, யாருக்கும் சொல்லாமல், ஒரு வருஷமாக ஊசிக்காரர் எழுதிக்கொண்டிருந்தார். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற சாக்கில் நின்று, அக்காவின் எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் போவார். ஜெராக்ஸ் எடுக்க அவரிடம் காகிதம் இல்லாத நாட்களில் மின்கட்டண ரசீதையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தார்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது.

காலையில் சரசக்காவின் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்து நின்றுவிட்டது. கடை வாசலில் சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து காத்திருந்தார். அவருடைய காட்டுக்கு, அதாவது வெள்ளாமை நிலத்துக்கு, போகிற வழியைப் பக்கத்துக் காட்டுக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனு கொடுத்தார். அன்றைக்கு மூன்று மணிக்கு விசாரணை. விசாரணைக்குக் கூப்பிட்டவர்களே, உங்கள் மனு எங்கள் ஆபீஸில் காணவில்லை, அதனால் நீங்கள் அதன் நகலைக் கொண்டுவரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தொலைத்தவர்களுக்குத் தேடித் தருவது மனு கொடுத்தவர் கடமை என்பது தாலுகா ஆபீஸ் நியாயம். அந்த அம்மாவிடம் நகல் இல்லை. அது இருந்தது சரசக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும். சர்வே நம்பர், பழைய உத்தரவுகளின் நம்பர், தேதி எல்லாம் அதில்தான்.

அந்த அம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, வேலி போட்டதிலிருந்து மாட்டுக்குத் தீவனத்தை ஒரு மைல் சுற்றித் தலைச்சுமையாகக் கொண்டு போவதை என்னிடம் சொன்னார். இன்றைக்கு விட்டால் அடுத்த விசாரணை எப்போது வருமோ தெரியாது என்றார்.

நான் ஊசிக்காரருக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். அன்றைக்குக் கால் நனைக்கச் சொல்லவில்லை. அதிலிருந்தே நிலைமையின் தீவிரம் எனக்குத் தெரிந்தது.

பென் டிரைவைச் செருகி, பழைய சிஸ்டத்தைத் தொடாமல், அதிலிருந்தே லினக்ஸைக் கிளப்பினார். ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. மனுக்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த அம்மாவின் மனுவைத் தேடிப் பிடித்துத் திறந்தார். திறந்தவுடன் அவர் முகம் சுருங்கிவிட்டது. திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்துகள். நடுநடுவே செமிகோலன், கமா, அடைப்புக்குறி. ஒரு வார்த்தை ஒரு அர்த்தம் கிடையாது. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் அப்படி. பத்துப் பதினைந்து பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சீக்கு முத்திருச்சுங்க அக்கா. எழுத்து அத்தனையும் செதைஞ்சு போச்சு" என்றார். ஒரு ஷெட்டில் இப்படி வந்துவிட்டால் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் மொத்தத்தையும் குழியில் போட்டு மூடிவிடவேண்டும், இல்லாவிட்டால் புதிதாக விடுவதற்கும் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, எல்லாவற்றையும் அழிக்க அனுமதி கேட்டார்.

சரசக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் வலது கை மேஜைமேல் இருந்தது. விரல்கள் லேசாக அசைந்தன.

"இது மனுதாரருங்க" என்றார்.

"எதுங்க?"

"இதா. கே, டி, ஜே, எச், யு, எச், செமிகோலன். மனுதாரர்."

நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். அது எங்களுக்கு இன்னமும் குப்பையாகத்தான் இருந்தது. சரசக்கா அடுத்த வரிக்குப் போனார். விரல் முதலில் மேஜையில் தட்டும், வாய் ஒரு நொடி தாமதமாகப் படிக்கும். சர்வே நம்பர், கிராமத்தின் பெயர், கிழக்கே ஓடை, மேற்கே இன்னார் காடு. வாசல்படியில் இருந்த அம்மா எழுந்து வந்து, ஆமாம், அதுதான் என்னுடைய மனு என்றார். ஊசிக்காரர் பின்னால் தள்ளிய நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படிக்க முடிந்தாலும் அடிக்கவேண்டுமே. பழைய சிஸ்டம் செத்துவிட்டது. ஊசிக்காரர் தயங்கித் தயங்கித் தன் கீபோர்டு அட்டவணையைப் பற்றி அப்போதுதான் சொன்னார். ஒரு வருஷமாக ஜெராக்ஸ் எடுத்த ரகசியம் வெளிவந்தது. சரசக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க நேரமில்லை. மணி பன்னிரண்டரை. ஏழெட்டு எழுத்துகள்தான் பாக்கி இருந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலை அசைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார், இவர் ஏற்றினார். நான் குப்பை மனுவை எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் இரண்டு பக்கமாக அச்செடுத்து அக்காவின் பக்கத்தில் வைத்தேன். அக்கா உட்கார்ந்தார். குப்பையைப் பார்த்துக்கொண்டு தமிழை அடித்தார். வழக்கம்போல் திரையைப் பார்க்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மனு அச்சாகி வந்தது. லினக்ஸிலிருந்து அக்காவின் பிரிண்டர் முதல் தடவையிலேயே வேலை செய்ததை ஊசிக்காரரே நம்பாமல் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில்தான் மனுவைப் படித்துப் பார்த்தேன். 'வழித்தடம்' என்று இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் 'வளித்தடம்' என்று இருந்தது. வளி என்றால் காற்று. தன்னுடைய காட்டுக்குப் போகும் காற்றுப் பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டதாக அந்த அம்மா அரசாங்கத்திடம் முறையிட்டிருந்தார். அதோடு 'கீள்க்கண்ட', 'வாள்வாதாரம்', 'தாள்மையுடன்'. ஒரு 'ழ'கூட உயிரோடு இல்லை.

திருத்த நேரமில்லை. உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கிளார்க் மனுவை வாங்கி அதிகாரி முன்னால் சத்தமாகப் படித்தார். கிளார்க் பிறந்ததும் எங்கள் பக்கம்தான். வழி என்று எழுதியிருந்தாலும் வளி என்றுதான் படித்திருப்பார். வளி என்று எழுதியிருந்ததை அப்படியே படித்தார். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கும், பக்கத்துக் காட்டுக்காரருக்கும், அந்த அம்மாவுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

கடைக்குத் திரும்பி வந்து சொன்னேன். சரசக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அடித்த மனுவில் ஒரு ஒற்று பிசகினது கிடையாது. இங்கிலீஷ் 'ஓ' பட்டனுக்கு என்ன எழுத்து என்று நான் சரியாகத்தான் சொன்னேன் என்றார். நீங்கள் சொன்னதைத்தான் நான் போட்டேன் என்றார் ஊசிக்காரர்.

"நான் ள-ன்னு சொன்னேனுங்க."

"நானும் ள-தானுங்க போட்டேன்."

"அந்த ள இல்லீங்க, ள."

இருவரும் வெகு நேரம் இப்படியே வாதாடினார்கள். அக்கா சொல்ல நினைத்தது 'ழ' என்பது எனக்குப் புரிந்தது. தீர்ப்புச் சொல்ல நானும் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்தும் 'ள'தான் வந்தது. கடைசியில் பல் டாக்டர் ஒரு நோயாளியை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். தஞ்சாவூர்க்காரர். நாக்கு நுனியை எங்கே மடிக்கவேண்டும் என்று தன் வாயைத் திறந்து, குட்டிக் கண்ணாடியைப் பிடித்து எங்களுக்குச் செய்து காட்டினார். மூன்று பேரும் முயற்சி செய்தோம். நோயாளி உட்பட நான்கு பேர்.

சமாதானம் ஆகி டீ வந்தபோது, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சரசக்காவின் பழைய எழுத்துருவை இந்த லினக்ஸில் ஏற்றியிருந்தால் அந்தக் குப்பையெல்லாம் தானாகவே தமிழாகத் தெரிந்திருக்காதா என்று கேட்டேன். ஊசிக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஹார்டு டிஸ்க்கில் தேடினார். எழுத்துரு ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது. எடுத்துப் போட்டார். இருபத்தைந்து வருஷ மனுவும் ஒரு நிமிஷத்தில் நல்ல தமிழில் வந்து நின்றது. சரசக்காதான் முதலில் சிரித்தார். அன்றைக்கே லினக்ஸை நிரந்தரமாகப் போட்டுவிடச் சொல்லிவிட்டார், 'ழ'வைச் சரிசெய்த பிறகு.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அந்த அம்மா எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மனுவில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதியிருந்தார்கள். மேற்படி 'வளித்தடத்தில்' உள்ள ஆக்கிரமிப்பை உடனே அகற்றவேண்டும் என்று இருந்தது. வேலி அகற்றப்பட்டுவிட்டது. மாட்டுத் தீவனம் நேர் வழியில் போகிறது. சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இன்றைக்கும் அரசாங்கப் பதிவேட்டின்படி ஒரு காற்றுப் பாதை இருக்கிறது.

சரசக்காவின் இருபத்தெட்டாம் நாளும் முடிந்தது. அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததால் ஊசிக்காரரும் வரவில்லை. சீக்கு வராத பண்ணைக்கு ஊசி போடுகிறவரை யார் நினைப்பார்கள். நாங்களும் நினைக்கவில்லை. அவர் காய்ச்சலில் படுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னபோதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சரசக்காவும் மோகனூர் ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். கட்டிலில் மெலிந்து கிடந்தார். டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று சொன்னாராம். எந்த வைரஸ் என்று இவர் கேட்டதற்குப் பதில் வரவில்லையாம். டாக்டர் மேல் அவருக்கு மரியாதை போய்விட்டது. எங்கள் கம்ப்யூட்டர்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். நன்றாக இருக்கின்றன என்று நாங்கள் சொன்னோம். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த அறையில் அவர் வீட்டம்மா மேஜையில் தன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையில் இருந்தது விண்டோஸ். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தடவை நின்று, மறுபடி கிளம்பியது. சரசக்கா தாழ்ந்த குரலில் விசாரித்தார். ஊருக்கெல்லாம் மாற்றிக் கொடுக்கிறவர் வீட்டில் ஏன் இன்னும் இது.

"அவரு மாத்தறேன் மாத்தறேன்னுதானுங்க சொல்றாரு. நாந்தான் உடலீங்க" என்றார் வீட்டம்மா. "மாத்திட்டா அது பாட்டுக்கு ஓடும். இது வாரத்துக்கு ஒருக்கா நின்னு போவுது பாருங்க, அப்பத்தான் இவரு வந்து என்ர பக்கத்துல ஒரு மணி நேரம் ஒக்கார்றாரு."

மறுநாள் சரசக்கா இதைப் பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் அவர் எழுந்து நடமாடுகிறார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை காலை, ஆபீஸில் யாரும் இல்லாத நேரத்தில், பிரிண்டரின் பின்பக்கத்து ஒயரை நானே உருவிவிட்டு அவருக்குப் போன் செய்தேன். பிரிண்டர் பேசமாட்டேன் என்கிறது, என்ன சீக்கு என்று தெரியவில்லை, நேரில் வந்து பார்த்தால்தான் ஆகும் என்றேன்.

"வாரேனுங்க" என்றார். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது. "அங்கதான் கெளம்பிட்டிருக்கேன். சரசக்காளுக்கு மவுஸ் நவுர மாட்டேங்குதாமா. பல் டாக்டரும் இப்பத்தான் கூப்புட்டாரு, அவருக்கும் என்னமோ."

அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் இருந்த மூன்று கம்ப்யூட்டரும் ஒரே காலையில் கெட்டுப்போயிருந்தன. மூன்றிலும் ஒரு கோளாறும் இல்லை.